புலம்பலில் ஒரு ஆம்புலன்ஸ்

போன தவக்காலத்தில் எங்கள் கோயில் மண்டபத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினார்கள். அதில் நீல மையில் எழுதியிருந்த சொற்கள் இன்னும் எனக்கு மனப்பாடம். தனிமொழி. நாடக முரண். உச்சக்கட்டம். துன்பியல். மிகையுணர்ச்சி. காலமுரண். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் எதுகை, மோனை, உவமை வரைக்கும் படித்தவன் நான். அதற்கு மேல் இப்படியெல்லாம் இருக்கிறது என்பது ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. தெரிந்துகொண்டதில் சந்தோஷம் இல்லை. அந்தச் சொற்களில் ஒன்றைக் காட்டித்தான் என் மனைவியை நாடகத்தை விட்டு வெளியே தள்ளினார்கள். அவள் அப்போது உயிரோடு இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. உயிரோடு இருந்திருந்தால் அவளே ஒரு கை பார்த்திருப்பாள்.

எங்கள் ஊர் கொடைக்கானலைத் தாண்டி, பூண்டிக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே இறங்கினால் வரும். கேரட், உருளை, பூண்டு. அதுதான் பிழைப்பு. பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயில் மைதானத்தில் பாஸ்கு போடுவோம். ஆண்டவர் பாடுபட்டு மரித்ததை ஊரார் வேஷம் கட்டி நடிப்பதுதான் பாஸ்கு. எனக்கு வருஷா வருஷம் ஒரே வேஷம். சிலுவையைச் சுமக்க முடியாமல் ஆண்டவர் விழுந்ததும், சிப்பாய்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தனைப் பிடித்து இழுத்துச் சுமக்க வைப்பார்கள். அந்த ஆள் நான். மைதானத்தின் கோடியில் இருக்கும் மண்மேடு வரை சுமந்து, அங்கே இறக்கி வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட வேண்டும். வசனம் ஒன்றும் கிடையாது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஊருக்கே அது தெரியும். அதனால்தான் அந்த வேஷம்.

நான் சிலுவையை இறக்கி வைத்ததும் மாதா வந்து புலம்புவாள். அந்தப் புலம்பலுக்குத்தான் சனம் வரும். முதலில் தன் மகனுக்காக அழுவாள். பிறகு ஊருக்காக அழுவாள். போன ஈஸ்டருக்குப் பிறகு எங்கள் ஊரில் யார் யார் இறந்தார்களோ அத்தனை பேரையும் மாதா தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டு அழுவாள். சேர்த்து அழுகிறது என்று அதற்குப் பெயர். இறந்தவர்களின் பெயரைச் சொல்வது கிடையாது. தவக்காலம் தொடங்கியதும் புலம்பல் பெண்கள் எழவு விழுந்த வீடுகளுக்குப் போய், "எதச் சொல்லி அழட்டும்?" என்று கேட்பார்கள். அந்த வீட்டுக்காரர்கள் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். அது பாட்டில் வரும். வந்ததும் யாருக்காக என்று மைதானமே புரிந்துகொள்ளும். சில வீடுகளில் சொல்வதைக் கேட்டால் சிரிப்பு வரும். காலமெல்லாம் சண்டைக்காரர் என்று பெயர் வாங்கிய ஒருவர் இறந்த வருஷம், அவர் வீட்டம்மா, "யாரு கூடச் சண்ட போடப் போன ராசான்னு கேளுங்க" என்றாராம். மாதா அதைப் பாடியபோது அவரோடு கோர்ட்டு வரை போனவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை நான் பார்த்தேன்.

அந்த வீடு வீடாகப் போகிற வேலையைப் பல வருஷம் செய்தவள் என் மனைவிதான். மாதா வேஷம் என் மதினிக்கு. மதினி ஊரில் தையல்கடை வைத்திருக்கிறார், என் பெரியப்பா மகனின் மனைவி. மதினி ஒரு அடியைப் பாடி நிறுத்தினால் பின்னால் நின்று அதை எடுத்துக் கொடுக்கிற நாலு பெண்களில் என் மனைவியின் குரல்தான் முதலில் வரும்.

ஆயுத பூஜை லீவில் அவளுக்கு நெஞ்சு வலி வந்தது. கொடைக்கானலில் பார்த்துவிட்டு, உடனே கீழே கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்சில் ஏற்றினோம். கொடைக்கானலை விட்டு இறங்கி, ரோட்டோரத்து வெள்ளி அருவிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. சுற்றுலா வந்தவர்கள் இரண்டு பக்கமும் கார்களை நிறுத்திவிட்டு அருவியைப் பார்க்கப் போயிருந்தார்கள். சைரன் அடித்துக்கொண்டே இருந்தது. சுட்ட சோளம் தின்றுகொண்டு ஒருத்தர் வந்து டிரைவரின் கண்ணாடியைத் தட்டி, "எப்ப சார் கிளியர் ஆகும்?" என்று கேட்டார். சைரன் அடிக்கிற வண்டியின் டிரைவரிடம் கேட்டார். நான் உள்ளே உட்கார்ந்து அவள் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அவள், "இன்னும் எம்புட்டு வண்டி நிக்குது?" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளைச் சொல்லி அழ நான் ஒருத்தன்தான். எனக்கோ அழுகையும் சத்தமாக வராது. அடக்கத்தன்று கல்லு மாதிரி நிற்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். பெரிய வெள்ளிக்கிழமை மாதா அழுவாள், மைதானம் முழுக்க அவளுக்காக அழும் என்று நினைத்துத்தான் அந்த மாதங்களைத் தள்ளினேன். எனக்கு இருந்த ஒரே பிடி அதுதான்.

தவக்காலத்தில் மதினி வீட்டுக்கு வந்து, அடுப்படியில் மேலே கட்டித் தொங்கவிட்டிருந்த பூண்டுக் கொத்துகளுக்குக் கீழே உட்கார்ந்து, "கொழுந்தனாரே, எதச் சொல்லி அழட்டும்?" என்று கேட்டார். அவள் கேரட் கழுவுகிற வேகம், அவள் சிரிப்பு, நான் பேசாமல் இருப்பதற்கு என்னைத் திட்டுகிற திட்டு, எதைச் சொன்னாலும் குறைவாகவே தோன்றியது. கடைசியில் அவள் கேட்ட அந்தக் கேள்வியைச் சொன்னேன். மதினி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுந்து போனார்.

அந்த வருஷம்தான் டைரக்டர் தம்பி வந்தார். மதுரையில் நாடகம் படித்தவர். ஃபாதருக்குத் தெரிந்தவர். பாஸ்குக்கு லைட்டும் மைக் செட்டும் தருகிறேன் என்று ஒரு ரிசார்ட்காரர் சொல்லியிருந்தார், அவருடைய கெஸ்ட்டுகளும் வந்து பார்ப்பார்கள் என்று பேச்சு. அதனால் நாடகம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஃபாதர் நினைத்தார். அதுவரை நன்றாக இல்லை என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். தினமும் சாயங்காலம் பலகையின் முன்னால் நின்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நாடக முரண் என்றால் என்ன என்று ஒரு நாள் விளக்கினார். "ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே கதவத் தட்டுறான். உள்ள கத்தியோட ஒருத்தன் நிக்கிறான். பாக்குற நமக்குத் தெரியும், தட்டுறவனுக்குத் தெரியாது. அவன் சிரிக்கச் சிரிக்க நமக்குப் பதறும்ல, அதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆம்புலன்சில் நான் அவள் காலைத் தேய்த்துக்கொண்டே, ஊருக்குத் திரும்பியதும் மேல்தோட்டத்தில் போர்வெல் போடலாமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். கூட வந்த ஆம்புலன்ஸ்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை எந்தக் காலத்திலோ யாரோ வைத்து, புத்தகத்தில் அச்சடித்து, பரீட்சையில் கேள்வியாகவும் கேட்கிறார்கள். ஒரு பக்கம், சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறான் என்று இருந்தது. இன்னொரு பக்கம் எழுந்துபோய் அந்தப் பலகையைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிய வேண்டும்போல் இருந்தது.

புலம்பலை ஒத்திகை பார்த்த அன்று மதினி ஆண்டவருக்கான பகுதியைப் பாடி முடித்து, ஊர்ப் பகுதிக்கு வந்து, ஆம்புலன்ஸ் என்ற இடத்தைத் தொட்டார். டைரக்டர் தம்பி கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம் அக்கா. என்ன சொன்னீங்க?"

"ஆம்புலன்சு."

"ரோமாபுரிக் காலத்துல ஆம்புலன்ஸா?"

மண்டபம் சிரித்தது.

"போன வருஷம் டிராக்டர் வந்துச்சு தம்பி," என்றார் மதினி. "அதுக்கு முந்துன வருஷம் கரண்டுக் கம்பி வந்துச்சு. மாதா கோவிச்சுக்கிறல."

"அதாங்கா சொல்றேன். இந்தப் பக்கம் ஈட்டியோட சிப்பாய் நிக்கிறான், அந்தப் பக்கம் டிராக்டர் நிக்குது. இதுக்குப் பேருதான் காலமுரண்."

சிப்பாய்களுக்குத் தலைவனாக நடிக்கிற ஜீப்புக்காரன், "என் வாட்ச்சக் கழட்டச் சொன்னீங்க, கழட்டிட்டேன். டிராக்டர எங்கிட்டுக் கூடிக் கழட்ட?" என்றான். மறுபடி சிரிப்பு. என் சொந்த ஊர்க்காரர்கள். என் மனைவியின் அடக்கத்துக்கு வந்து மண் போட்டவர்கள். அவர்கள் டிராக்டருக்குத்தான் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தம்பி பலகையில் காலமுரணை வட்டமிட்டார். பக்கத்திலேயே மிகையுணர்ச்சிக்கும் ஒரு வட்டம். ஊர்ப் பகுதி முழுக்க வேண்டாம், மகனுக்காக அழுவதே போதும், அதையும் பாடவேண்டாம், வயலின் இசையைப் போட்டுவிட்டு மாதா பேசாமல் நின்றால் இன்னும் ஆழமாக இருக்கும் என்றார். பின்பாட்டுப் பெண்களும் வேண்டாம்.

யாரோ, "அப்ப செத்தவுகளுக்கு?" என்று கேட்டார்கள்.

"நாடகம் வேற, எழவு வேறங்க. விபத்துல, சீக்குல சாகுறதெல்லாம் வருத்தந்தான், ஆனா துன்பியல் ஆகாது. துன்பியல்னா நாயகனோட ஒரு தப்பே அவனைக் கொண்டுபோய்க் கவுக்கணும். அப்பத்தான் பாக்குறவனுக்கு உள்ள கெடக்கறதெல்லாம் வடியும்."

அந்த வாக்கியத்தோடுதான் நான் அடுத்த சில நாட்கள் தோட்டத்தில் வேலை செய்தேன். மண்வெட்டியைப் போடும்போதெல்லாம் அது வந்தது. அவள் செய்த தப்பு என்ன? மலையில் பிறந்தது தப்பா? மலையிலேயே கட்டிக்கொண்டது தப்பா? லீவு நாளில் நெஞ்சு வலித்தது தப்பா? அருவியைப் பார்க்காமலே செத்துப்போய்விடுவோமோ என்று அவசரமாக ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றவர்களின் தப்பு எந்தக் கணக்கில் வரும்? இந்த ரோடு தாங்காது என்று தெரிந்தும் லீவு தவறாமல் அத்தனை வண்டிகளையும் மேலே ஏற்றிவிடுகிறவர்களின் தப்பு? பலகையில் இதற்கு ஒரு சொல்லும் இல்லை. அவர்கள் வைத்திருக்கிற சொல்லுக்குள் அடங்கினால்தான் அது துக்கம், அடங்காவிட்டால் வெறும் வருத்தம். இதைச் சொல்ல ஒரு ஆளை மதுரையிலிருந்து வரவழைத்தோம்.

கோபத்தைச் சேர்த்துக்கொண்டு ஒரு காலையில் வெள்ளனே அவரைப் பார்க்கப் போனேன். ஃபாதர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்வெட்டரைக் காதுவரை இழுத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு டம்ளர் வாங்கிக் கொடுத்தார்.

"சொல்லுங்கண்ணே."

"அந்தப் புலம்பல்..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"அக்கா சொன்னாங்கண்ணே. உங்க ஃபீலிங்ஸ் எனக்குப் புரியுது. ஒண்ணு செய்யலாம். நாடகம் முடிஞ்சதும் மைக்குல அண்ணி பேரச் சொல்லி ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம். ரொம்ப டீசன்டா இருக்கும்."

டீ ஆறும்வரை நின்றேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்ல முடியும்? அந்தத் தம்பி அன்பாகத்தான் பேசினார். அன்பாகப் பேசுகிறவனிடம் சண்டை போட வாய் வேண்டும்.

மதினியிடம் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "மௌனமா? அவ என்னைக்காவது மௌனமா இருந்து நீங்க பாத்திருக்கீங்களா?" என்றார். பிறகு மெஷினை மிதித்துக்கொண்டே, "ஃபாதரு முடிவு பண்ணிட்டாரு. நான் ஒத்தையில என்ன செய்ய? மாதா வேஷத்தப் போட்டுக்கிட்டுச் சண்டையா போட முடியும்?" என்றார்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. சனி ஞாயிறு சேர்ந்த லீவு. பூண்டி ரோட்டில் காலையிலிருந்து கார்கள் வரிசையாக நின்றன. மைதானத்தில் ரிசார்ட் நாற்காலிகள் முன்வரிசையில், எங்கள் ஆட்கள் பின்னால் தரையில். மத்தியானத்துக்கு மேல் மஞ்சு இறங்கிவிட்டது. மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை மங்கலாகத்தான் தெரிந்தது. நாடகம் நன்றாகவே போனது. பொய் சொல்லக் கூடாது. முந்தைய வருஷங்களைவிட நன்றாகப் போனது.

ஆண்டவர் விழுந்தார். ஜீப்புக்காரன் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். சிலுவையைத் தோளில் வாங்கினேன். யூகலிப்டஸ் மரத்தில் செய்தது, ஈரத்தில் கனம் கூடியிருந்தது. மண்மேடு வரை சுமந்தேன். இறக்கி வைக்க வேண்டிய இடம் வந்தது. வயலின் தொடங்கியது.

இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. குனிந்தேன். குனிந்தவன் மறுபடி நிமிர்ந்துவிட்டேன். இறக்கி வைத்தால் மாதா பேசாமல் வந்து நிற்பாள், வயலின் முடியும், ஆணி அடிப்பார்கள், முடிந்துவிடும். என் மனைவி அந்த வருஷத்தோடு போய்விடுவாள். அடுத்த வருஷம் அவள் கணக்கில் வரமாட்டாள். இறக்க முடியவில்லை.

"மாமா, எறக்குங்க," என்று ஜீப்புக்காரன் உதட்டை அசைக்காமல் சொன்னான்.

நின்றேன்.

"ஏலே, அவருக்கு என்னமோ செய்யுதுடா," என்றான் இன்னொரு சிப்பாய்.

மேட்டில் மண்டியிட்டிருந்த ஆண்டவர், ஊரில் கரண்டு வேலை பார்க்கிறவர், முட்கிரீடத்துக்குக் கீழேயிருந்து, "சித்தப்பா, முட்டி போகுது, வெரசா எறக்குங்க" என்றார்.

வயலின் முடிந்தது. மைக் செட்டுக்குப் பக்கத்தில் டைரக்டர் தம்பி இரண்டு கையாலும் கீழே, கீழே என்று காட்டினார். வயலின் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. என் தோளில் கட்டை அழுத்தியது. முன்வரிசையில் செல்போன்கள் எங்களைப் பார்த்து உயர்ந்திருந்தன. அத்தனை பேர் என்னைப் பார்ப்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்குக் கூச்சமே வரவில்லை. கோபம் கூச்சத்துக்கு இடம் விடவில்லை.

மதினி மஞ்சுக்குள்ளிருந்து வந்தார். நீல முக்காடு. பேசாமல் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி வந்து என் முகத்தைப் பார்த்தார். கழுத்தில் மாட்டியிருந்த மைக்கைப் பிய்த்துக் கீழே போட்டார். மண்ணில் உட்கார்ந்து மார்பில் அடித்தார்.

ஒத்த மகனப் பறிகுடுத்து
ஊரு வழி வந்தேன் மகனே
ஊருக்குள்ள வந்து பாத்தா
ஒவ்வொரு வீட்டிலும் நான் இருந்தேன்

பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த பெண்களில் பின்பாட்டுக்காரர்கள் எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து ஓடிவந்தார்கள். யாரோ வயலினை நிறுத்தினார்கள். அந்த வருஷம் இறந்த மற்றவர்களை முதலில் அழுதார்கள். கன்னிவாடிச் சந்தைக்குப் போய்த் திரும்பாத ஒருவர், பிறந்து கண் திறக்காத ஒரு குழந்தை. கடைசியில் மதினி என் பக்கம் திரும்பினார்.

சைரன் வச்ச வண்டிக்குள்ள
சாஞ்சு கெடந்த மகளே
இன்னும் எம்புட்டு வண்டி நிக்குதுன்னு
எண்ணச் சொன்ன மகளே
அருவி பாக்க வந்த சனம்
அசையலியே மகளே
ஒனக்கு வழி விடாத மல
எனக்கெதுக்கு மகளே

பின்பாட்டில் முதல் குரல் வர வேண்டிய இடத்தில் ஒரு கணம் ஒன்றும் வரவில்லை. அது அவளுடைய இடம். பிறகு மற்றவர்கள் எடுத்தார்கள். தரையில் இருந்த எங்கள் சனம் முழுக்க அழுதது. ஜீப்புக்காரன் ஈட்டியை ஊன்றிக்கொண்டு தேம்பினான். முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம், "அது நெசமாவே நடந்துச்சாங்க?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. சில போன்கள் இறங்கின. சில இறங்கவில்லை.

நான் சிலுவையை இறக்கி வைத்தேன். எனக்கும் சத்தம் வந்தது. மாட்டுச் சத்தம் மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

நாடகம் முடிந்து கோயிலுக்குப் பின்னால் கஞ்சி ஊற்றினார்கள். டைரக்டர் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

"அண்ணே, பின்னிட்டீங்க. மேடைக்கும் சனத்துக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்குதுன்னு சொல்வோம், நாலாவது சுவர். அத உடைச்சுட்டீங்கண்ணே. அந்த நிப்பு இருக்கே, அதான் உச்சக்கட்டம். நான் தப்பா நெனச்சுட்டேன். அடுத்த வருஷமும் அப்படியே வச்சுக்குவோம். அதே எடம், அதே மாதிரி சிலுவைய எறக்காம நிக்கிறீங்க, ரெண்டு தடவ வயலின் வருது, அப்புறம் அக்கா வர்றாங்க."

அதற்கும் ஒரு பெயர் கைவசம் வைத்திருந்தார். என் தோள் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. அந்த வலியை அதற்குள் அடுத்த வருஷ ஒத்திகையில் சேர்த்துவிட்டார்.

"அடுத்த வருஷம் வேற வீட்டுல எழவு விழுந்திருக்கும் தம்பி," என்றேன். "அந்த வீட்டு ஆளக் கூப்புட்டுச் சிலுவையக் குடுங்க. அவன் எங்க நிப்பான்னு அவனுக்கே அன்னைக்குத்தான் தெரியும்."

நான் அவரிடம் பேசிய முதல் முழுப் பேச்சு அது. அவர் என் கையை விட்டார். ரோட்டுப் பக்கம் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்தன. மைதானத்திலிருந்து கிளம்பியவர்கள் மேலேயும் போக முடியாமல், கீழேயும் போக முடியாமல் நின்றார்கள்.

மதினி முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து ஒரு தட்டை என் கையில் வைத்தார். "பேசுனது போதும் கொழுந்தனாரே. கஞ்சி ஆறுது. உப்பு பத்தலன்னா அந்தா இருக்கு, போட்டுக்கோங்க."

உப்பு போதவில்லை. போட்டுக்கொண்டு குடித்தேன்.